அடிநாதம் தரும் தந்தி

கோயில் திருவிழாவிலே நாகசுரக் கச்சேரி கேட்டவர்கள் எல்லாரும் நாகசுர வித்துவானைப் பார்த்திருப்பார்கள். தவில்காரரின் கைவேகத்தைக் கண்டு தலையசைத்திருப்பார்கள். ஆனால், ஒரு பக்கத்திலே கன்னம் உப்ப, ஒரே சுருதியை இடைவிடாது ஊதிக்கொண்டு நிற்கும் ஒத்துக்காரரை எத்தனை பேர் ஏறெடுத்துப் பார்த்திருப்பார்கள்? அவருக்கு மாலையுமில்லை, பொன்னாடையுமில்லை. ஆயினும், அவர் ஒரு கணம் ஓய்ந்துவிட்டால், அதுவரை மலைபோல் நின்ற இராகம் பிடிமானமற்ற கொடியாய்த் தவிப்பதைச் சங்கீதம் அறியாத குழந்தையும் உணரும்.

இக்காலத்து மெல்லிசைக் குழுக்களிலே அந்த ஒத்துக்காரரின் இடத்தில் இருப்பவர் பேஸ் கிற்றார் வாசிப்பவர். பாடகரின் குரலை மக்கள் கேட்கிறார்கள்; கீபோர்ட்டின் ஜாலத்தை இரசிக்கிறார்கள்; தாள வாத்தியத்துக்கு ஏற்பக் கால்தட்டுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டுக்கு அத்திவாரம்போல் ஒரு கனத்த நாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாதம் பிறப்பது நான்கு தந்திகளில். அந்த நான்கு தந்திகளை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் இன்று நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

“இதுவும் ஒரு விடயமா? கடையிலே கிடைப்பதை வாங்கிப் பூட்டினால் போகிறது!” என்று சிலர் சொல்லக்கூடும். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. யாழ் நரம்புக்குரிய குற்றங்களைப் பழைய இசை நூலார் வகுத்தே வைத்திருந்தார்கள். புரி ஒழுங்கின்றித் திரிந்திருந்தால் அது கொடும்புரி. உள்ளே மயிர் கலந்திருந்தால் அது ஒரு குற்றம். தும்பு தங்கியிருந்தால் அது வேறொன்று. முறுக்கு மிகுந்திருந்தால் அதுவும் குற்றமே. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் முன்னே இசைப்போட்டிக்கு வந்த சீவகன் யாழைக் கையில் வாங்கியவுடன் வாசித்துவிடவில்லை. மரத்தின் குற்றத்தை முதலிலே சொன்னான்; பின்னர் நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே ஒளிந்திருந்த மயிரை எடுத்துக் காட்டினான். காப்பியத் தலைவனே தந்தியைச் சோதித்த பின்புதான் இசைக்கத் துணிந்தான் என்றால், நாம் அதனை அற்ப விடயமாகக் கருதலாமா?

நான் இருக்கும் ஊர் கலகெதர. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில், மலைநாடு முடிந்து சமவெளி தொடங்குவதற்கு முன்னே கிடக்கும் சிற்றூர். மிளகும் கராம்பும் றப்பரும் தென்னையும் ஒன்றோடொன்று தோள் உரசி வளரும் ஈரமான மண். இங்கும் சுற்றுப்புறங்களிலும் நடைபெறும் கலியாண வைபவங்களிலும் கோயில் விழாக்களிலும் நெடுங்காலமாக பேஸ் வாசித்து வருபவன் என்ற முறையில், இசைக்குழு தொடங்கும் இளைஞர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுள் ஒருவன் என் தமக்கையின் மகன். க.பொ.த. உயர்தர வகுப்பில் படிக்கிறான். மிளகு பறிக்கும் காலத்தில் தகப்பனுக்கு உதவி செய்து கிடைத்த பணத்தை ஒரு தகரப் பேணியில் சேர்த்து வைத்திருந்தான். ஒருநாள் அந்தப் பேணியோடு வந்து நின்றான்.

“மாமா, கம்பியெல்லாம் செத்துப் போச்சு. புதிதாக ஒரு செட் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?”

உடன் வந்திருந்த அத்தானுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. “நாலு இரும்புக் கம்பிக்கு இவ்வளவு காசா, மச்சான்? இந்தக் காசுக்கு ஒரு வருஷத்துக்குரிய புத்தகம் வாங்கலாமே! இன்றைக்கு வாங்குவான், மூன்று மாதத்தில் மறுபடி செத்துப் போச்சு என்பான்!” என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நல்ல தந்திக் கட்டு ஒன்றின் விலை இன்று பல ஆயிரம் ரூபா. அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். 2022ஆம் ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, இறக்குமதிகள் பல கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. மிளகு விற்ற காசைத் தந்திக்குக் கொடுக்கும் குடும்பத்திலே, நாதம் எப்படி என்ற கேள்வியோடு, எத்தனை காலம் நிலைக்கும் என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதே இந்த விடயத்தின் சூட்சுமம்.

முதலில் தந்தியின் உடலமைப்பைப் பார்ப்போம். ஒரு தந்தியின் சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், இழுவிசை, எடை. 1636ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் துறவியான மெர்சென் இந்த விதியைக் கணக்காக வகுத்தார். நமது காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார், 1947ஆம் ஆண்டில் அரங்கேறிய யாழ் நூலிலே, மறைந்துபோன யாழ்களை மீண்டும் கண்முன் நிறுத்துவதற்குக் கணிதத்தைத் துணைக்கொண்டார். நரம்பிசை என்பது செவிக்கு இன்பமாவதோடு அறிவுக்கும் விருந்தாவது என்பதை மாணவர்கள் அந்நூலால் அறியலாம்.

பேஸ் கிற்றாரின் மிகக் கீழான தந்தி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை மட்டுமே அதிர்கிறது. சாதாரண கிற்றாரின் கீழ்த்தந்தி அதைப்போல் இருமடங்கு அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த சுருதி வேண்டுமாயின் தந்தியை மிக நீளமாக்கலாம். ஆனால் கை எட்டாது. பெரும்பாலான பேஸ் கிற்றார்களில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்றிமீற்றர். தந்தியைத் தளர்த்தலாம், ஆனால் அது மெட்டுகளில் அடித்துச் சலசலக்கும். எஞ்சியிருக்கும் வழி எடையைக் கூட்டுவதுதான். வெறும் உருக்குக் கம்பியையே தடிப்பாக்கினால் அது தந்தியாக வளையாது, கோலாக விறைத்து நிற்கும். அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒத்துப் போகா. ஆகவே மெல்லிய உருக்குக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்கள். எடை கூடும், வளையும் தன்மையும் கெடாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில், குடல் நரம்பின்மேல் உலோகக் கம்பி சுற்றிய நாளிலிருந்து வந்த உபாயம் இது. நமது வீணையின் மந்தரத் தந்திகளிலும் இதே உபாயத்தைக் காணலாம்.

அந்தச் சுற்றுக்கம்பியின் வடிவத்தில்தான் நாதத்தின் குணமும் ஆயுளும் அடங்கியிருக்கின்றன.

சுற்றுக்கம்பி உருண்டையாக இருந்தால், கடைக்காரர் அதனை ‘ரவுண்ட் வவுண்ட்’ என்பார். விரலால் தடவினால் திருகாணியின் புரிபோலக் கரகரப்பாக இருக்கும். புதிதாகப் பூட்டிய அன்று அதன் நாதம் வெண்கல மணிபோலக் கணீரென்று ஒலிக்கும். ஆனால் அந்தப் புரிகளுக்கு இடையிலே உள்ள நுண்ணிய பள்ளங்களில் விரலின் எண்ணெயும் வியர்வையின் உப்பும் தூசியும் நாளுக்கு நாள் சேர்கின்றன. சேர்ந்த அழுக்கு மேல்சுரங்களை அமுக்கிவிடுகிறது. தினமும் வாசிப்பவருக்குச் சில கிழமைகளிலேயே அந்தக் கணீரோசை மங்கிவிடும்.

சுற்றுக்கம்பி நாடாபோலத் தட்டையாக இருந்தால் அது ‘பிளாட் வவுண்ட்’. தடவினால் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். நாதம் ஆரம்பத்திலிருந்தே அடங்கியது. உருண்டு திரண்ட குரல். பள்ளங்கள் இல்லாமையால் அழுக்குச் சேர இடமில்லை. ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விலை பெரும்பாலும் கூடுதல். ஆனால் அதை ஆயுளால் வகுத்துப் பார்த்தால் அதுவே மலிவு. மெட்டுகளையும் அது தேய்க்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, உருண்டைக் கம்பியைச் சுற்றியபின் மேற்பரப்பை அராவி மட்டமாக்கிய அரைத்தட்டை வகையும் உண்டு. உலோகச் சுற்றின்மேல் கறுப்பு நைலோன் நாடா சுற்றிய வகையும் உண்டு. அதன் குரல் பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தை நினைவூட்டும், விரலுக்கும் இதமானது.

உலோகத்திலும் பேதமுண்டு. கறைபடா உருக்கினால் சுற்றியது மிகப் பிரகாசமாக ஒலிக்கும், துருவை எதிர்க்கும், ஆனால் மெட்டுகளை விரைவில் தேய்க்கும். உருக்கின்மேல் நிக்கல் பூசிய கம்பி சற்று இனிமையானது. இன்று மிகப் பலர் பாவிப்பது அதுவே. தூய நிக்கல் இன்னும் சாந்தமானது. தந்தியின்மேல் மெல்லிய பிளாத்திக்குப் படலம் பூசும் முறை 1990களில் பரவியது. அந்தப் படலம் வியர்வையைத் தந்திக்குள் புகவிடாது தடுப்பதால் ஆயுள் நீளும், விலையும் நீளும்.

இவற்றுள் எது சிறந்தது? இந்தக் கேள்விக்கு உலகப் புகழ் பெற்ற இரு வாத்தியகாரர்கள் நேர்மாறான இரு விடைகளைத் தந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் லியோ பென்டர் என்பவரின் பேஸ் கிற்றார் 1951ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அந்தத் தசாப்தத்தில் தட்டைச் சுற்றுத் தந்திகளே வழக்கில் இருந்தன. டெட்ரோயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது கிற்றாரில் தடித்த தட்டைத் தந்திகளைப் பூட்டி, அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை என்று இருந்தவர். அழுக்கேறிய அந்தப் பழந்தந்திகளிலேதான் 1960களின் எத்தனையோ பாடல்கள் நின்றன. மறுபுறம், இங்கிலாந்தில் ‘த ஹூ’ குழுவைச் சேர்ந்த ஜோன் என்ட்விசில், பேஸ் தந்தியும் பியானோவைப்போல் முழங்கவேண்டும் என்று விரும்பி, ரோட்டோசவுண்ட் என்னும் தந்தி நிறுவனத்தோடு 1966ஆம் ஆண்டில் கூடி உழைத்தார். அதன் பின்னரே உருண்டைச் சுற்று உருக்குத் தந்தி உலகெங்கும் பரவியது.

இருவரும் மேதைகள், இருவர் சொல்வதும் உண்மை. ஆகையால் ‘எது சிறந்த தந்தி?’ என்று கேட்பது ‘எது சிறந்த பாத்திரம்?’ என்று கேட்பதைப் போன்றது. பால் காய்ச்சவா, தோசை வார்க்கவா என்று தெரிந்தால் அல்லவா பதில் சொல்லலாம்? கண்டிப் பெரஹராவிலே முழங்கும் கெட்டபெர மத்தளத்தின் இரு முகங்களுக்கும் ஒரே தோலைக் கட்டுவதில்லை. ஒரு முகத்துக்குத் தடித்த மாட்டுத்தோல். மறு முகத்துக்கு மெல்லிய தோல். ஒரே வாத்தியத்துக்குள்ளேயே இடத்துக்கு ஏற்ற தெரிவு இருக்கிறது.

நமது மருமகன் மோட்டவுன் பாடல்களையும் இளையராஜாவின் பாடல்களையும் விரும்பிக் கேட்பவன். இளையராஜாவின் இசைக்குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் கைவண்ணத்தை, பாட்டை விட்டுவிட்டு அடிநாதத்தை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பழகியிருந்தான். ஆதலால் அவன் மனம் தட்டைச் சுற்றில் ஊன்றியிருந்தது. நெடுங்காலம் உழைக்கும் என்பதால் தகப்பனாரையும் சமாதானப்படுத்திவிடலாம் என்ற எண்ணமும் அவனுக்கு. நான் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“தம்பி, நீங்கள் அதிகமாக எங்கே வாசிக்கிறீர்கள்?”

“கோயில் திருவிழாவில், மாமா. வெளியில், மேடை போட்டு.”

“ஒலிபெருக்கி?”

“கூம்புதான். சில இடத்தில் சின்னப் பெட்டியும் வைப்பார்கள்.”

அவன் தெரிவைத் திருப்பியது இந்தப் பதில்தான். மரத்திலும் கம்பத்திலும் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி மனிதக் குரலைத் தொலைவுக்கு எறிவதற்கென்று பிறந்தது. விநாடிக்கு 41 தடவை அதிரும் அடிச்சுரத்தை அது வெளியிடவே மாட்டாது. அப்படியாயின் தூரத்தில் இருப்பவர் பேஸ் நாதத்தை எவ்வாறு கேட்கிறார்? இங்கேதான் மனிதச் செவியின் அதிசயம் இருக்கிறது. அடிச்சுரம் வந்து சேராவிட்டாலும், அதன் மேல்சுரங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால், மூளை அவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு, இல்லாத அடிச்சுரத்தை இருப்பதாகவே உணர்ந்துகொள்கிறது. ஆனால் மேல்சுரங்கள் வரவேண்டும். தட்டைச் சுற்றிலும் அழுக்கேறிய பழந்தந்தியிலும் மேல்சுரங்கள் குன்றியிருக்கும். ஆகவே நல்ல மண்டபத்தில் தேனாக இனிக்கும் அதே தந்தி, கூம்பு கட்டிய திருவிழா மைதானத்தில் காணாமற்போய்விடும். அங்கே உருண்டைச் சுற்றின் கணீரோசையே நாதத்தைக் கரை சேர்க்கும் ஓடம்.

மண்டபத்துக்குள் மெல்லிசை வாசிப்பவர், தேவாலயத்தில் பாடற்குழுவுக்குத் துணை நிற்பவர், வீட்டிலிருந்து பழகுபவர் ஆகியோருக்குத் தட்டைச் சுற்றைத் தயங்காமல் சொல்வேன். வெளிமேடை வாசிப்புக்கும், 1970களில் நம் நாட்டில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் புகழ்பெறச் செய்த தமிழ்ப் பொப்பிசைக்கும், பைலாவின் துள்ளலுக்கும் நிக்கல் பூசிய உருண்டைச் சுற்றே ஏற்றது என்பேன். கிற்றாரின் மெட்டுகள் விலையுயர்ந்தவை. அவற்றைத் தேய்க்கும் உருக்குச் சுற்றை, மெட்டு மாற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பதற்கு அரிய ஊர்களில் இருப்பவர்கள் யோசித்தே பூட்டவேண்டும்.

அடுத்தது பருமன். உறையின்மேல் 45, 65, 85, 105 என்று நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். அவை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கு. 105 என்றால் ஏறக்குறைய 2.67 மில்லிமீற்றர். இது நடுத்தரப் பருமன்; பழகுவோருக்கு இதுவும் இதைவிடச் சற்று மெல்லியதும் போதும். தடித்தது கனத்த நாதம் தரும். விரலுக்கு வலிமை வேண்டும். நடுத்தரக் கட்டிலே ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 20 கிலோ எடையின் இழுவையோடு நிற்கிறது. நான்கும் சேர்ந்து கிற்றாரின் கழுத்தை 80 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. ஓர் ஆளின் எடையை அந்த ஒல்லிக் கழுத்து இரவு பகலாகத் தாங்குகிறது! ஆகவே பருமனை மாற்றினால் கழுத்தின் வளைவும் மாறும். உள்ளிருக்கும் இரும்புக் கோலைச் சிறிது திருகிச் சரிசெய்ய நேரும். அறிந்தவர் கையால் செய்விப்பது நலம். தந்தியின் நீளமும் கிற்றாருக்குப் பொருந்தவேண்டும். 30 அங்குலச் சிறிய கிற்றாருக்கு 34 அங்குலத் தந்தியை வாங்கினால், தடித்த சுற்றுப் பகுதி பிரடையிலே வளைந்து பழுதாகும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். பெயர்பெற்ற நிறுவனங்களின் உறையைப்போலவே அச்சிட்ட போலித் தந்திகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் நம்பாமலிருப்பதே நல்லது. சீவகன் செய்ததுபோல் முறுக்கைப் பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார். ஆயினும் வீட்டுக்கு வந்ததும் தந்தியை விரலால் முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்கலாம். சுற்று ஓரிடத்தில் நெகிழ்ந்தோ மேடிட்டோ இருந்தால் அது கொடும்புரி. அத்தகைய தந்தி எந்த மெட்டிலும் சுருதி சேராது. நம் முன்னோர் கண்ட குற்றம் இன்றும் அதே குற்றமாகவே இருக்கிறது.

இனி, நமது ஊரின் ஈரத்துக்கு வருவோம். கலகெதரவில் மழை இரு பருவங்களிலும் தலைகாட்டும். மழையில்லாத நாளிலும் காற்றிலே ஈரம் இருக்கும். புழுக்கத்தில் விரல்கள் வியர்க்கும். உப்பும் ஈரமும் கூடினால் இரும்பு என்னவாகும் என்பதை மண்வெட்டி வைத்திருக்கும் எவரும் அறிவர். ஆகையால் குளிர்தேசத்தார் எழுதிவைத்த ‘இத்தனை மாதம் உழைக்கும்’ என்ற கணக்கை நாம் அப்படியே நம்பிவிடலாகாது. இங்கே தந்தியின் ஆயுள் கடையில் பாதி, கையில் பாதி.

வாசிக்கும் முன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும். பலகாரம் தின்ற கையோடு தந்தியைத் தொடுபவன், புதுத் தந்தியைப் பழந்தந்தியாக்க விரும்புபவன். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் சுற்றிப் பிடித்துத் துடைக்கவேண்டும். இது இரண்டு நிமிட வேலை. தந்தியின் ஆயுளை இதைப்போல் நீட்டும் மருந்து வேறில்லை. கிற்றாரை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காமல், உறைக்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்கள் சிலவற்றை அதில் இடுவது நன்று. புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் அந்தப் பொட்டலங்களை எறிந்துவிடாமல், சிறு குழந்தைகளுக்கு எட்டாதபடி சேர்த்து வைக்கலாம்.

மங்கிய உருண்டைச் சுற்றுத் தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் இட்டு எடுத்தால் மீண்டும் ஒலிக்கும் என்பது பழைய வாத்தியகாரர்களின் கைவைத்தியம். அது பொய்யல்ல. பள்ளங்களில் இருக்கும் எண்ணெயும் அழுக்கும் கரைந்து போவதால் நாதம் திரும்புகிறது. ஆனால் அந்தப் புத்துயிர் அற்ப ஆயுள் கொண்டது. உட்கம்பியில் ஈரம் தங்கினால் துருவும் பிடிக்கும். உடனே துடைத்து, நன்கு உலர்த்தியே பூட்டவேண்டும். சிலர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் ஊறவைப்பார்கள். அழுக்கு நன்றாகப் போகும், ஈரமும் தங்காது. ஆனால் அது தீப்பற்றும் திரவம். அடுப்பங்கரையிலும் குழந்தைகள் உள்ள இடத்திலும் அந்த வேலை கூடாது. தட்டைச் சுற்றுக்கும் நைலோன் சுற்றுக்கும் இந்த வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தான் ஒரு கணக்குப் போட்டார். மிளகுக்காரர் அல்லவா? “அப்படியானால், மச்சான், நீங்கள் சொல்லும் உருண்டைக் கம்பி சீக்கிரம் சாகும், தட்டைக் கம்பி நீண்ட நாள் இருக்கும். நீண்ட நாள் இருக்கிறதை விட்டுவிட்டுச் சாகிறதை வாங்கச் சொல்கிறீர்களே?”

நான் சொன்னேன்: “அத்தான், மிளகை நன்றாகக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. பச்சை மிளகு சில நாளில் வாடும். ஆனால் பச்சை மிளகு கேட்கிற கறிக்குக் காய்ந்த மிளகைப் போட்டால் அது மிச்சம் பிடித்ததாகுமா? யாருக்கும் கேட்காத தந்தி பத்து வருஷம் இருந்து என்ன செய்ய? துடைத்துப் பாவித்தால் இது ஒரு திருவிழாக் காலத்தைத் தாங்கும். மங்கிய பின்பும் வீட்டில் பழகுவதற்கு உதவும். புதியதை விழாவுக்கு ஒரு கிழமை முன்னே பூட்டினால் போதும்.”

மருமகனின் முகம் சற்று வாடியது. அவன் காதில் ஒலித்துக்கொண்டிருந்த நாதம் வேறு. ஆனால் அவன் புத்திசாலி, சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “வீட்டில் வாசிக்கும்போது பாலத்தின் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்கிறேன், மாமா. ஜேமர்சனும் அப்படித்தானே?” என்றான். தந்தி குதிரையைத் தொடும் இடத்தருகே பஞ்சையோ மென்துணியையோ செருகினால் மேல்சுரங்கள் அடங்கி, உருண்டைச் சுற்றும் ஓரளவு தட்டைச் சுற்றின் குணத்தைக் காட்டும். கணீரென்ற தந்தியை அடக்கலாம். அடங்கிய தந்தியைக் கணீரென்று ஆக்கமுடியாது. ஒரே கட்டு வாங்க வசதியுள்ள வீட்டுக்கு இதைவிடச் சிறந்த நியாயம் நான் கண்டதில்லை. அதை அவனே கண்டுபிடித்தான் என்பதில் எனக்குப் பெரு மகிழ்ச்சி.

கண்டிக்குப் போய் நிக்கல் சுற்றிய நடுத்தரக் கட்டு ஒன்றை வாங்கி வந்தார்கள். பேணியில் இருந்தது போதாமல், மீதியை அத்தானே கொடுத்தாராம். அத்தோடு நிற்கவில்லை. பழைய வெள்ளைச் சாரம் ஒன்றைக் கிழித்து, துவைத்துக் காயவைத்து, நாலாக மடித்துக் கிற்றார் உறைக்குள் வைத்துவிட்டார் என்று தமக்கை சொன்னாள். இசையைப் பற்றி அவர் என்னோடு பின்னர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மாணவ நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விலை கூடியதைத் தேடுவதும் தெரிவன்று. மலிவானதைத் தேடுவதும் தெரிவன்று. எந்தப் பாட்டுக்கு, எந்த இடத்துக்கு, எந்தக் கைக்கு என்று கேட்டு, அதன் பின் வாங்குவதே தெரிவு. வாங்கியதைப் பேணுவது அந்தத் தெரிவின் மறுபாதி. பேஸ் தந்தியை வாசிப்பவனுக்குக் கைதட்டல் அரிதாகவே கிடைக்கும். கூட்டம் கலைந்து போகையில் மக்கள் பாடகரின் பெயரையே சொல்லிக்கொண்டு போவார்கள். அது குறையன்று. பாட்டு ஆடாமல் அசையாமல் நின்றதென்றால், அதைத் தாங்கிய தந்தி தன் கடமையைச் செய்துவிட்டது. வீட்டிலும் ஊரிலும் இப்படிப் பெயரின்றித் தாங்கி நிற்பவர்கள் எத்தனையோ பேர். அடுத்த முறை ஒரு பாட்டைக் கேட்கும்போது, ஒரு கணம் குரலை விட்டு, அதன் அடியில் ஓடும் நாதத்துக்குச் செவி கொடுங்கள்.